புது வண்டிக்கு எண் வாங்கிய கதை

1996ஆம் வருஷம் தை மாதத்தில், தஞ்சாவூர்க் கல்லூரி ஒன்றில் ஆசிரியனாக உத்தியோகம் பார்த்துச் சிறுகச் சிறுகச் சேர்த்திருந்த பணத்தோடு வங்கிக் கடனும் கைகொடுக்க, நான் ஒரு மாருதி 800 காருக்குச் சொந்தக்காரனானேன். பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருந்த என் தாயார், கண் சிகிச்சைக்காகத் தஞ்சாவூருக்கு வரும்போதெல்லாம் பஸ்ஸில் ஏறவும் இறங்கவும் பட்ட சிரமத்தைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல் செய்த காரியம் அது. கார் வாங்கிய சந்தோஷம் எல்லாருடைய வாழ்க்கையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியாகத்தான் இருக்கும் என்பதால் அதை விஸ்தரிக்க விரும்பவில்லை. அந்தக் காரைப் பதிவு செய்யப் போன இடத்தில், தெருவில் போகும் ஒவ்வொரு வாகனத்துக்கும் பின்னால் எத்தனை முன்யோசனையும் எத்தனை கருணையும் சட்டத்தின் வடிவில் நிற்கின்றன என்று எனக்கு விளங்கிற்றே, அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

காரை வாங்கியது திருச்சியில். விற்பனையாளர் ஒரு பழுப்பு உறையில் போட்டுக் கொடுத்த காகிதங்களையும் சாவியையும் பெற்றுக்கொண்டு, முன்னும் பின்னும் ஒட்டியிருந்த தற்காலிகப் பதிவெண்ணோடு, திருவெறும்பூர், துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம் வழியாகத் தஞ்சாவூருக்கு வண்டியைக் கொண்டுவந்தோம். பதிவு இல்லாத வாகனத்தைப் பொது இடத்தில் ஓட்டலாகாது என்பது 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆவது பிரிவு. உரிமையாளர் எந்த ஊரில் வசிக்கிறாரோ, அல்லது வண்டி சாதாரணமாக எங்கே நிறுத்தி வைக்கப்படுமோ, அந்த எல்லைக்குரிய அதிகாரியிடமே பதிவு செய்ய வேண்டும் என்றது அன்றைய 40ஆவது பிரிவு. ஓர் ஊரில் வாங்கி வேறோர் ஊரில் பதிவு செய்கிறவன் வீடு வந்து சேர வேண்டுமே என்பதற்காக ஏற்பட்டதுதான் தற்காலிகப் பதிவு. அக்காலத்தில் அது ஒரு மாதம் செல்லும். ஆனால் மாதம் முழுவதும் காத்திருக்க இடமில்லை; வண்டியைக் கையில் வாங்கிய ஏழு நாளைக்குள் நிரந்தரப் பதிவுக்கு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்பது விதி.

"இதற்கெல்லாம் நீங்கள் அலைய வேண்டாம், ஒரு புரோக்கரிடம் கொடுத்துவிடுங்கள், நம்பரோடு வீட்டுக்கு வந்துவிடும்" என்று நண்பர்கள் சிலர் சொன்னார்கள். அவர்கள் என் சௌகரியத்தை உத்தேசித்தே சொன்னார்கள் என்றாலும், என் பெயரில் என் கையெழுத்தோடு அரசாங்கத்துக்குப் போகிற தஸ்தாவேஜில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் இருப்பதற்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, பழுப்பு உறையோடு ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குப் போனேன்.

ஆபீஸ் வாசலில் ஒரு வேப்பமரம். அதன் நிழலில் மேஜை போட்டுக்கொண்டு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறவர்கள் இரண்டு மூன்று பேர். அவர்களில் வயதான ஒருவரிடம் 20ஆம் நம்பர் படிவத்தை வாங்கிக்கொண்டு, நானே பூர்த்தி செய்யப் போகிறேன் என்று சொன்னபோது, அவர் சிறிதும் மனம் கோணாமல், "செய்யுங்க சார், சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று தம் ஸ்டூலை என் பக்கம் நகர்த்தினார். பெயர், தகப்பனார் பெயர், விலாசம் என்று தொடங்குகிற அந்தப் படிவம், போகப் போக வண்டியின் அங்க அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்கிறது: தயாரித்தவர் யார், எந்த மாதம், எந்த வருஷம், எத்தனை சிலிண்டர், எத்தனை சி.சி., எத்தனை பேர் உட்காரலாம், எந்த எரிபொருள், என்ன நிறம், சுமையில்லாத எடை எவ்வளவு. மூன்று சிலிண்டர், 796 சி.சி., நான்கு பேர், பெட்ரோல், வெள்ளை என்று எழுதிக்கொண்டே வந்த நான், ஒரு கட்டத்தில் நின்றேன். "சேஸிஸ் எண்ணின் பென்சில் பிரிண்ட் இங்கே ஒட்டுக" என்று அங்கே ஒரு வெற்றிடம் விட்டிருந்தது.

பெரியவர் எழுந்து என்னோடு காரண்டை வந்தார். பானெட்டைத் திறந்து, இன்ஜினுக்குப் பின்னால் இருந்த இரும்புச் சுவரைத் துணியால் துடைத்தார். குர்கானில் உள்ள தொழிற்சாலையில், தகட்டில் அழுத்திப் பொறித்த எழுத்துகளும் எண்களும் ஒரே வரிசையாகத் தெரிந்தன. மெல்லிய வெள்ளைக் காகிதத் துண்டு ஒன்றை அதன்மேல் வைத்து, இடக்கை விரல்களால் இரு முனையையும் அசையாமல் அழுத்திக்கொண்டு, பென்சிலைப் படுக்கை வாட்டத்தில் பிடித்து இலேசாக இப்படியும் அப்படியும் தேய்த்தார். காகிதம் சாம்பல் நிறமாகக் கறுத்துக்கொண்டு வர, பள்ளமான இடங்களில் மட்டும் கருமை ஏறாமல், எண்கள் வெள்ளை வெளேரென்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. "கையால எழுதினா தப்பு வரலாம் சார், இதுல வராது" என்று சொல்லி, காகிதத்தின் ஓரத்தைச் சீராகக் கத்தரித்து, படிவத்தில் பசை தடவி ஒட்டினார். அச்சும் தட்டெழுத்தும் எவ்வளவோ முன்னேறிவிட்ட காலத்திலும், இந்த வண்டிதான் அந்த வண்டி என்பதற்கு அரசாங்கம் நம்பியது ஒரு பென்சிலின் உராய்வைத்தான் என்பதை எண்ணி வியந்தேன்.

அந்தப் பென்சில் அச்சு அன்றைக்கே தன் அவசியத்தை நிரூபித்துவிட்டது. மோட்டார் வாகன ஆய்வாளர், எங்கள் பக்கத்து ஜனங்கள் இன்றும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றே சொல்கிற அதிகாரி, நடுத்தர வயதினர், அதிகம் பேசாதவர். அவர் விற்பனையாளர் கொடுத்த 21ஆம் நம்பர் விற்பனைச் சான்றிதழை ஒரு கையிலும் என் விண்ணப்பத்தை மறு கையிலும் வைத்துக்கொண்டு, சேஸிஸ் எண்ணை வலமிருந்து இடமாக, ஒவ்வோர் இலக்கமாகப் படித்து ஒப்பிட்டார். நடுவில் ஓரிடத்தில் அவருடைய விரல் நின்றது. தகட்டில் 3 என்று இருந்த இலக்கம், சான்றிதழில் 8 என்று தட்டெழுதப்பட்டிருந்தது. "சார், இதைத் திருத்தி வாங்கிக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லி எல்லாக் காகிதங்களையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஓர் இலக்கத்துக்காகத் திருச்சிக்கு மறுபடியும் போய்வர வேண்டுமா என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. என் முகக்குறிப்பைக் கண்டுகொண்டு அவர் சொன்ன வார்த்தைகளை, இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ஏறக்குறைய அப்படியே என்னால் சொல்ல முடியும். "நான் இதை விட்டுவிட்டால், உங்கள் ஆர்.சி. புக் உலகத்தில் இல்லாத ஒரு காருக்கு உரியதாகிவிடும். இன்ஷூரன்ஸும் அதே எண்ணைப் பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள். நாளைக்கு வண்டி திருட்டுப் போனாலும், விபத்து நேர்ந்தாலும், இது உங்கள் கார் என்று நீங்கள் எதைக் கொண்டு ஸ்தாபிப்பீர்கள்?" அவர் சொன்னபடியே இன்ஷூரன்ஸ் பத்திரத்திலும் அதே 8தான் இருந்தது. விற்பனை நிலையத்தார் இரண்டையும் மறுப்பேதும் சொல்லாமல் திருத்தி, முத்திரையிட்டுக் கொடுத்தார்கள்.

இரண்டாம் முறை போனபோது ஆபீஸில் கூட்டம் குறைவாக இருந்தது. ஆய்வாளர் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே, ஆசிரியன் கேட்கிறான் என்பதாலோ என்னவோ, ஒவ்வொன்றின் தாத்பரியத்தையும் எடுத்துச் சொன்னார். விற்பனைச் சான்றிதழ், இந்த வண்டி நேர்மையான வழியில் இன்னாரிடமிருந்து இன்னாருக்கு வந்தது என்பதற்குச் சாட்சி. 22ஆம் நம்பர் படிவம், வண்டி சாலைக்குத் தகுதியானது என்று தயாரிப்பாளர் தாமே பொறுப்பேற்றுக் கொடுக்கிற வாக்குறுதி. ஒவ்வொரு ரகத்திலும் மாதிரி வண்டி ஒன்றைப் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற பரிசோதனை ஸ்தாபனங்களில் காட்டி அங்கீகாரம் பெற்ற பிறகே அந்த ரகத்தை விற்கலாமாதலால், அதன்பின் வெளிவரும் ஒவ்வொரு வண்டியும் அந்த மாதிரிக்கு ஒத்தது என்று கையெழுத்திட்டுச் சொல்கிறார்கள். வரி ரசீது, சாலையைப் பயன்படுத்துகிறவன் சாலைக்குச் செலுத்த வேண்டிய பங்கு. வங்கிக் கடன் இருந்தால் அது பதிவிலேயே குறிக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் கடன்பட்ட வண்டியைக் கடனில்லாதது என்று சொல்லி இன்னொருவர் தலையில் கட்டிவிட இடமுண்டு.

விலாசச் சான்று விஷயத்தில் எனக்கு ஒரு சங்கடம் இருந்தது. என் ரேஷன் கார்டு கிராமத்து விலாசத்தில் இருந்தது. நான் குடியிருந்ததோ தஞ்சாவூரில் ஒரு வாடகை வீட்டில். ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், எல்.ஐ.சி. பாலிஸி, பாஸ்போர்ட், அரசாங்க ஆபீஸின் சம்பளச் சீட்டு என்று பலவற்றில் எதையும் காட்டலாம் என்று விதி இருந்தபடியால், தஞ்சாவூர் விலாசம் போட்ட எல்.ஐ.சி. பாலிஸியைக் காட்டினேன். "விலாசம் எதற்கு இவ்வளவு முக்கியம் தெரியுமா? வண்டி ஓடிவிடும், விலாசம் ஓடாது. ஒரு நோட்டீஸ் அனுப்ப வேண்டுமானால் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டுமே" என்றார் ஆய்வாளர்.

பிறகு வண்டியைப் பார்க்க வெளியே வந்தார். ஹாரன், பிரேக், வைப்பர், கண்ணாடி, திரும்பும் விளக்கு, முகப்பு விளக்கு எல்லாவற்றையும் வரிசையாகப் பரிசோதித்து முடித்தவர், வண்டியின் பின்புறம் வந்து, எண் பலகை பொருத்துவதற்கு விட்டிருந்த இடத்துக்கு எதிரே குனிந்து உட்கார்ந்தார். விளக்கைப் போடச் சொன்னார். நல்ல வெயில் நேரம். ஆகவே இரண்டு கைகளையும் குவித்து நிழல் உண்டாக்கிக்கொண்டு, அந்த இடத்துக்கு மேலே ஒளிந்திருந்த சின்னஞ்சிறு பல்பு எரிகிறதா என்று உற்றுப் பார்த்தார். அப்படி ஒரு விளக்கு இருக்கிறது என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. இருட்டில் 15 மீட்டர் தூரத்திலிருந்து பார்த்தாலும் பின்பக்கத்து எண் படிக்கும்படியாகத் தெரிய வேண்டும் என்பது விதி என்றும், இதை யாரும் கவனிப்பதில்லை என்றும் சொல்லிக்கொண்டே எழுந்தார்.

அந்த நிமிஷத்தில் என் சிற்றப்பாவின் ஞாபகம் வந்து என் நெஞ்சை அடைத்தது. 1991ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில், அய்யம்பேட்டைக் கடைத்தெருவிலிருந்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தவரை, அந்தி மயங்கும் வேளையில் பின்னாலிருந்து வந்த வண்டி ஒன்று மோதிவிட்டு நிற்காமலே போய்விட்டது. எதிரே வந்துகொண்டிருந்த இரண்டு பேர் அதைப் பார்த்தார்கள். வேன் என்று சொன்னார்கள். எண்ணை மட்டும் அவர்களால் படிக்க முடியவில்லை, பின்னால் விளக்கே எரியவில்லை என்றார்கள். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மறுநாள் சிற்றப்பா காலமானார். எண் தெரிந்திருந்தால் விபத்து இழப்பீட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருக்கலாம். வண்டிக்கு இன்ஷூரன்ஸ் இருந்திருந்தால், உயிரிழப்புக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு ஏதும் இல்லாமல், அவருடைய வயதையும் வருமானத்தையும் கணக்கிட்டு, சிற்றன்னைக்கும் படித்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நியாயமான தொகை கிடைத்திருக்கும். அடையாளம் தெரியாத வாகனத்தால் இறந்தவர்களின் குடும்பத்துக்கு அக்காலத்தில் சட்டம் வகுத்திருந்த தொகை 8,500 ரூபாய். வருவாய்த் துறை ஆபீஸில் மனுக் கொடுத்து, மாதக்கணக்கில் காத்திருந்து, அந்த 8,500 ரூபாயைச் சிற்றன்னை கையெழுத்திட்டு வாங்கியபோது நான் உடனிருந்தேன். 1994ஆம் வருஷத்தில் அது 25,000 ஆயிற்று. 2022 ஏப்ரல் முதல் இரண்டு லட்சம். தொகை எவ்வளவு கூடினாலும், எண் தெரிந்த வண்டிக்கும் தெரியாத வண்டிக்கும் இடையே ஒரு விதவையின் வாழ்நாள் முழுவதும் கிடக்கிறது என்ற உண்மை மாறவில்லை.

ஆய்வாளரிடம் இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அதற்காகத்தான் சார் இத்தனையும். உங்கள் இன்ஷூரன்ஸில் தேர்ட் பார்ட்டி என்று எழுதியிருக்கிறதே, அந்த மூன்றாம் மனிதர் உங்கள் சிற்றப்பா மாதிரி ஒருவர்தான்" என்றார். கார் சேதமானால் பணம் வரும் என்பதற்காகவே இன்ஷூரன்ஸ் என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். சட்டம் கட்டாயப்படுத்துவது அதையன்று. நம் வண்டியால் பிறருக்கு நேரக்கூடிய தீங்குக்கு ஈடு செய்கிற பகுதியையே அது கட்டாயமாக்கியிருக்கிறது. நம் பொருளைக் காப்பதும் காவாததும் நம் இஷ்டம். பிறர் உயிருக்குப் பொறுப்பேற்காமல் தெருவில் இறங்க மட்டும் உரிமையில்லை என்பதே அதன் சாரம்.

சில நாளில் டி.என். 49 என்று தொடங்கும் எண் ஒன்று கிடைத்தது. 1989 ஜூலை முதல் தேதி புதிய சட்டம் அமலுக்கு வந்ததோடு வந்த முறை அது. அதற்கு முன்னால் எங்கள் ஜில்லாச் சாலைகளில் எம்.எஸ்., எம்.டி. என்றும், பின்னர் டி.எம்., டி.என். என்றும் ஆரம்பித்து மூன்றெழுத்தாக ஓடிய வண்டிகளை இன்றும் நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டு. ஆபீஸில் அன்று எண் வாங்க வந்திருந்தவர்கள் பலரும் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டுத்தொகை எட்டாக வந்துவிடலாகாதே என்ற கவலை அவர்களுக்கு. எனக்கு வந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொண்டேன். பலகை எழுதிய பெயிண்டர் எழுத்துகளைக் கொஞ்சம் சாய்த்து, வளைத்து, நிழல் கொடுத்து எழுதட்டுமா என்று ஆசையோடு கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, விதியில் சொன்னபடி 65 மில்லிமீட்டர் உயரத்தில், 10 மில்லிமீட்டர் கனத்தில், அந்நாளில் சொந்தக் கார்களுக்கு இருந்த கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தாக, பார்த்தவுடன் படிக்கும்படி எழுதச் சொன்னேன்.

பதிவு என்பது ஒரு நாளோடு முடிகிற காரியமன்று என்பதையும் பின்னாலே கண்டேன். கடைசித் தவணை கட்டியதும் வங்கியின் ஆட்சேபமின்மைக் கடிதத்தோடு 35ஆம் நம்பர் படிவம் கொடுத்து, கடன் குறிப்பை நீக்க வேண்டியிருந்தது. சொந்த வீட்டுக்குக் குடிபோனபோது முப்பது நாளைக்குள் விலாச மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டியிருந்தது. தாயாரின் காலத்துக்குப் பிறகு, பதினைந்து வருஷ ஆயுள் முடிவதற்கு முன்பே அந்தக் காரை விற்றபோது, 29, 30ஆம் படிவங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்ததோடு நில்லாமல், வாங்கியவரின் பெயர் ஆர்.சி. புத்தகத்தில் ஏறியதைக் கண்ணால் பார்த்த பிறகே நிம்மதி அடைந்தேன். வண்டியை விற்றுவிட்டாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பாளி என்று 2018ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்ததைப் பத்திரிகையில் படித்தபோது, அந்த ஜாக்கிரதை வீண்போகவில்லை என்று உணர்ந்தேன்.

இப்போது எல்லாம் சுலபமாகிவிட்டது. 2018 செப்டம்பர் முதல், புதுக் காருக்கு மூன்று வருஷ மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை ஒரே தடவையாக எடுத்தாக வேண்டும். 2019 ஏப்ரல் முதல், பெயிண்டரின் தூரிகைக்கு இடமில்லாமல், கழற்ற முடியாதபடி பொருத்தப்படும் உயர்பாதுகாப்புப் பலகை வந்துவிட்டது. அதே வருஷத்துச் சட்டத் திருத்தம், அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரே புது வண்டிக்கு விண்ணப்பம் செய்யவும், வண்டியை அதிகாரி முன் நிறுத்தாமலே பதிவு செய்யவும் வழி செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் விலைக்குத் தக்கவாறு நூற்றுக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது வரை ஆயுள் வரி என்பதும் விற்பனையாளரின் பில்லிலேயே சேர்ந்துவிடுகிறது. அலைச்சல் குறைந்ததற்காக நான் சந்தோஷப்படுகிறேன். முதியவர்களுக்கும் பெண்களுக்கும் கூலிக்காரர்களுக்கும் ஒரு நாள் மிச்சமாவது பெரிய உபகாரம். ஆனால் காகிதங்கள் கண்ணில் படாமலே காரியம் முடிந்துவிடுவதால், அவை எதற்காக ஏற்பட்டன என்ற அறிவும் மறைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

ஆகையால் புது வண்டி வாங்கும் வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இது. சாவியை வாங்குகிற அன்றைக்கே, விற்பனைச் சீட்டிலும் இன்ஷூரன்ஸிலும் உள்ள சேஸிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒவ்வோர் இலக்கமாக நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று வருஷம் முடிந்ததும் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸை ஒரு நாளும் இடைவெளி விடாமல் புதுப்பியுங்கள். வீடு மாறினால் தெரிவியுங்கள். வண்டியை விற்றால் பெயர் மாறும்வரை விடாதீர்கள். மாதத்துக்கு ஒரு முறையாவது, இருட்டிய பிறகு வண்டியின் பின்னால் போய் நின்று, எண் பலகையின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.